மொட்டை எங்கே போட்டீர்கள்

அக்காவின் முறை வந்தபோது தேயிலைத் தோட்டத்து ஆபீஸில், எங்கள் பேச்சில் கந்தோரில், இருந்தவர்கள் பிள்ளைகளை விட்டால் ஆறு பேர். மேசைக்குப் பின்னால் பிரஜாவுரிமை விசாரணைக்கு வந்த உத்தியோகத்தர். அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளிப் போட்ட நாற்காலியில், மொழிபெயர்ப்பாளர். ஜன்னலோரம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, நின்றபடி. மேசைக்கு முன்னால் முதலில் என் அக்கா. அவளை வெளியே அனுப்பிய பிறகு அதே இடத்தில் அவள் புருஷன், என் மச்சான். கதவை ஒட்டி, தேத்தண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுக் கேரியருமாக நான். அக்கா வீட்டுக்கு அடுத்த அறையில் குடியிருந்த பக்கத்துக் காம்பிராக்காரி தன் முறை முடிந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளை உள்ளே இருந்தவர்களில் சேர்க்க முடியாது. குரல் மட்டும் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது.

இவர்களை நான் பலமுறை மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன். யாரையாவது விட்டுவிட்டேனோ, வேறு யாராவது இருந்து அவர் மூலமாகத்தான் காரியம் கெட்டதோ என்று. அது என் குணம். அடுப்பை அணைத்துவிட்டு வந்தாலும் திரும்பிப் போய்ச் சாம்பலைத் தொட்டுப் பார்க்கிற ஆள் நான்.

அப்போது தலவாக்கலைக்கு மேலே, மலை முகட்டில் இருந்த ஓர் அரசாங்கப் பங்களாவில் சமையல்காரனாக இருந்தேன். வந்து தங்கும் உத்தியோகத்தர்களுக்குச் சமைப்பது, குளிக்க வெந்நீர் வைப்பது, அவர்கள் போன பிறகு பூட்டிக் காவல் இருப்பது எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய வேலைதான். அப்பா இறந்த வருஷம் அக்கா கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். நான் துரை பங்களாக் குசினிக்குச் சட்டி தேய்க்கப் போனேன். சமையலும் சிங்களமும் அங்கே வந்தன. இங்கிலீஷ் மட்டும் வரவில்லை, சாப்பாட்டுப் பெயர்களைத் தவிர.

பங்களாவில் ஆட்கள் இருப்பது எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் நானும் பனியும். பகலிலேயே விளக்கேற்ற வேண்டிய இடம் அது. பேச ஆள் இல்லாமல் கேத்தலோடும் பூனையோடும் பேசிப் பழகியிருந்தேன். பூனையும் ஒரு மழைக்காலத்தில் எங்கேயோ போய்விட்டது. பனி விலகும்போது கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒரு காம்பிராவுக்கு மட்டும் கூரைத் தகரம் புதிது. அதுதான் அக்காவுடையது. அங்கிருந்து புகை எழுந்தால் உலை வைத்துவிட்டாள் என்று எனக்கு ஆறுதல். தாமதமானால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று கைவேலை ஓடாது.

சிலோனுக்குச் சுதந்திரம் வந்த சூட்டோடு, கடல் கடந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகளான எங்களுக்கு இருந்த ஓட்டு போய்விட்டது. இந்த நாட்டில் நிலையாக இருந்தவர்கள் என்று காட்டினால்தான் பிரஜாவுரிமை என்றார்கள். தோட்டம் தோட்டமாக மனு எழுதினோம். கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். அதற்குப் பிறகு வருஷக் கணக்கில் சத்தமே இல்லை. மனுவை யார் படிக்கிறார்கள், எதை வைத்து உண்டு என்கிறார்கள், எதை வைத்து இல்லை என்கிறார்கள், ஒருவருக்கும் தெரியாது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு வீட்டில் அண்ணனுக்குக் கிடைத்ததாம், தம்பிக்குக் கிடைக்கவில்லையாம். ஏன் என்று கேட்டால், கொழும்புக்குத்தான் தெரியும் என்று பதில்.

என் மனுவை முந்தின வருஷமே விசாரித்து முடித்திருந்தார்கள். கல்யாணம் ஆகாதவன், பிள்ளை குட்டி இல்லை, கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. என்னிடம் கேட்க அவர்களுக்கு அதிகம் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த முறை விசாரணைக்கு வந்த உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பெரியமனிதர். கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் சூப்பைக் குடித்துவிட்டு ‘ஹொந்தய், ஹொந்தய்’, நல்லது நல்லது, என்பார். பிள்ளைகளைக் கண்டால் தலையைத் தடவாமல் போகமாட்டார்.

மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதை நெருங்கிய வயது, குடும்பம் ஊரில். மலைக் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கம்பளிக் காலுறையை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சோடி போடுவார். பின்னேரங்களில் குசினிக்கு வந்து அடுப்பருகே முக்காலியில் உட்கார்ந்து அவற்றைக் காய வைப்பார். உத்தியோகத்தரோடு பகல் முழுக்க இங்கிலீஷ், எதிரில் எங்கள் ஆட்களின் தோட்டத்துப் பேச்சு. “என்ர பாஷையில கதைக்க இந்த மலையில ஒரு காகம்கூட இல்லை, தம்பி” என்பார். பேச ஆள் இல்லாத இரண்டு பேர் ஒரே அடுப்பில் குளிர் காய்ந்தோம்.

ஒரு மழை மத்தியானம் காலுறையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“தம்பி, உம்மட அக்கா கீழ்த் தோட்டத்திலதானே?”

“ஆமாங்க ஐயா. புதுத் தகரம் போட்ட காம்பிரா. ஏங்க?”

“அடுத்த கிழமை அவையின்ர முறை வருகுது.”

கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“எத்தினை பிள்ளையள்?”

“மூணுங்க.”

“மூத்தவனுக்கு மொட்டை எங்க போட்டவை?”

“ஊர்லங்க ஐயா” என்றேன். சொல்லும்போதே கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன். “துறையூர் பக்கம், மச்சானோட குலதெய்வம் கோயில்ல. வெள்ளைக்காரன் யுத்தம் முடிஞ்ச கையோட போனாங்க. தலைமன்னார்ல கப்பலேறி, எவ்வளவு செலவு தெரியுங்களா?”

அவர் சிரிக்கவில்லை.

“பாத்தீரோ? கேட்ட உடனே சொல்லிப்போட்டீர்.”

எங்களில் அது ஒரு பெருமை. மூன்று தலைமுறையாகக் கப்பல் ஏறாதவன்கூட, கேட்டால் ‘ஊர்லதாங்க, குலதெய்வத்துக்குத்தான் முடி இறக்கினோம்’ என்று சொல்லிவிடுவான். தோட்டத்து மாரியம்மனுக்குப் போட்டோம் என்றால் கையில் காசில்லாதவன் என்று ஆகிவிடும். அதனால் பொய்யாவது சொல்வோமே தவிர, இங்கே போட்டோம் என்று சொல்லமாட்டோம். இதை யாரோ கொழும்பில் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

“அது சும்மா கேக்கிற கேள்வி இல்லை” என்றார். “எல்லாம் கேட்டு முடிச்ச பிறகு, பிள்ளையின்ர தலையைத் தடவிக்கொண்டு, அன்பாக் கேக்கிறது. என்ன பதில் வருகுது எண்டு பாக்கிறதுக்கு. அக்காவிட்டைச் சொல்லும், யோசிச்சுப் பதில் சொல்லச் சொல்லி. அவவுக்கு மட்டும். வேற ஒரு சீவனுக்கும் வேண்டாம்.”

“ஊர்லன்னு சொன்னா தப்புங்களா ஐயா?”

அவர் எழுந்துவிட்டார். ஈரம் காயாத காலுறையையே மாட்டிக்கொண்டார்.

“நான் சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைச்சு உத்தியோகம் பாக்கிறவன். இதுவே கூடிப்போச்சு. இனி ஒண்டும் கேளாதையும். நான் ஒண்டும் சொல்லேல்லை, நீர் ஒண்டும் கேக்கேல்லை.”

நான் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. மறுபடி கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். அது பள்ளிக்கூடத்தில் இன்னும் கொஞ்ச காலம் இருந்தவர்களுக்கு வருகிறது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப் போனேன். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் படியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன்.

“அப்போ என்னா சொல்லணுமாம்?” என்றாள் அக்கா.

“யோசிச்சுச் சொல்லணுமாம்.”

“யோசிச்சுன்னா?”

“அதுக்கு மேல அவர் சொல்லலக்கா. சத்தியம் பண்ணியிருக்காராம்.”

“நல்லா இருக்குடா. சத்தியம் பண்ணின ஆளு பாதிய சொல்றாரு. பயந்தாங்கொள்ளி அந்தப் பாதியக் கேட்டுட்டு ஓடியாறான். மீதிய நான் சாமியாடித்தான் கண்டுபுடிக்கணும்.”

மச்சான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஊருக்குப் போனோம்னு சொன்னா, அப்ப நீ ஊர்க்காரிதானே, அங்கேயே போன்னு சொல்லத்தான் கேக்குறாங்க. வேற எதுக்குக் கேப்பாங்க? இங்கதான் போட்டோம்னு சொல்லிடுவோம். தோட்டத்து மாரியம்மன் கோயில்ல.”

“ஏம் புள்ள, சாமிக்குக் குடுத்தத குடுக்கலன்னு சொல்லச் சொல்றியா?” என்றார் மச்சான்.

“சாமிக்குத் தெரியும்ல குடுத்தது? கந்தோருக்கு எதுக்குங்க தெரியணும்?”

அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். வெற்றிலை போட்ட வாய் பேசாது. அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

“அக்கா, இது உனக்கு மட்டும்தான். வெளிய போச்சுன்னா அவரு வேலை போயிரும்” என்றேன்.

அவள் சுவரைக் காட்டினாள். லயத்துச் சுவர் கூரை வரை போகாது. மேலே இடைவெளி வழியாகப் பக்கத்துக் காம்பிராவின் புகையும் பேச்சும் இங்கே வரும், இங்கே இருப்பவை அங்கே போகும்.

“அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு நாலு புள்ளைங்க. எனக்குக் காய்ச்சல்ல கஞ்சி காச்சி ஊத்தினவ. இத மட்டும் நான் முந்தானையில முடிஞ்சு வச்சிக்கிறதா? நாளைக்கு என்னைய உள்ள எடுத்துக்கிட்டு அவள வெளிய தள்ளினா, இந்தச் சுவத்தோரம் நான் எப்புடிடா படுக்குறது?”

“அவரு வேலை...”

“அவருக்கு வேலை போனா இன்னொரு வேலை. எங்களுக்குப் போனா நாடே போயிரும். எங்க வயித்துல அடிக்கிற விஷயம் எங்களுக்கே தெரியக்கூடாதுன்னா, அப்புறம் யாருக்காகடா அந்த ரகசியம்?”

மேலே ஏறி வரும் வழியெல்லாம் அக்கா சொன்னது சரி என்று பட்டது. பங்களா வாசலில் அந்த மனிதர் இரண்டு சோடிக் காலுறையோடு பனியைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டதும் அவர் சொன்னதும் சரி என்று பட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். எதிரில் நிற்பவரின் பயம் எனக்கும் தொற்றிக்கொள்ளும்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்பே, பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. ‘மொட்டை எங்கன்னு கேட்டா இங்கன்னு சொல்லு’. அவ்வளவுதான். யார் சொன்னது, ஏன், யோசித்துச் சொல்வது என்றால் என்ன, ஒன்றும் அதில் இல்லை. குடத்தில் கொண்டு போகும் தண்ணீர் வழியில் சிந்துவதுபோல, ஏற்கனவே பாதியாக வந்தது இன்னும் பாதியாகிப் போயிருந்தது.

விசாரணை நாள் வந்தது. உத்தியோகத்தருக்குத் தேத்தண்ணீரும் மத்தியானச் சாப்பாடும் கொண்டு போக வேண்டியவன் நான் என்பதால் அங்கே நிற்க எனக்குக் காரணம் இருந்தது. முதலில் பக்கத்துக் காம்பிராக்காரியும் புருஷனும் உள்ளே போனார்கள். அதுவரை புருஷன் பெண்சாதியைச் சேர்த்து வைத்துத்தான் விசாரித்தார்கள். பிள்ளைகள் நாலும் அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

மொழிபெயர்ப்பாளர் அவளுடைய பெயரைக் கேட்டார்.

“மாரியம்மன் கோயில்லங்க” என்றாள்.

“பேரைக் கேட்டனான்.”

“நாலுக்கும் இங்கதாங்க மொட்டை. ஊருக்கெல்லாம் போகலீங்க. எங்க வேணும்னாலும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றேன்.”

கணக்கப்பிள்ளை சிரித்துவிட்டார். “ஏ பொம்பள, பேரச் சொல்லு முதல்ல. மொட்டைக்கு இன்னும் நேரமிருக்கு” என்றார். உத்தியோகத்தரும் சிரித்தபடி, என்ன சொல்கிறாள் என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அந்தக் குளிரில் துடைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பிறகு சொன்னார். உத்தியோகத்தரின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. பேனாவை மூடி மேசையில் வைத்தார். பிறகு கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார். கணக்கப்பிள்ளை வெளியே வந்து அறிவித்தார்.

“இனி புருஷன் வேற, பொஞ்சாதி வேற. ஒராள் உள்ள வந்தா மத்த ஆள் வெளிய. பேசிக்கப்படாது.”

அடுத்து அக்கா. தேத்தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் நான் உள்ளே நின்றேன். அவள் எல்லாவற்றுக்கும் கணீரென்று பதில் சொன்னாள். பிறந்த தோட்டம், அப்பா வேலை பார்த்த தோட்டம், பிள்ளைகளின் வயது. உத்தியோகத்தர் மூத்தவனை அருகில் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். நல்ல அடர்த்தியான முடி என்று சொல்லி, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இங்கதாங்க. தோட்டத்து மாரியம்மன் கோயில்ல” என்றாள் அக்கா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

பிறகு மச்சான் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அக்கா சொன்னதையேதான் சொன்னார், வார்த்தை மட்டும் குறைவு. கடைசியில் அந்தக் கேள்வி. அவர் தரையைப் பார்த்தார். பிறகு மகனின் தலையைப் பார்த்தார். அவர் யாரிடமாவது பொய் சொல்லி நான் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோரையும்போல அவரும் சொல்லியிருக்கிறார். ஆனால் முடி கொடுத்த சாமியை இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

“துறையூர் பக்கங்க. எங்க குலதெய்வம் கோயில்ல. நாந்தான் மடியில வச்சிருந்தேன்.”

மொழிபெயர்ப்பாளர் உடனே வாயைத் திறக்கவில்லை. மாற்றிச் சொல்லிவிடுவாரா என்று நான் அவருடைய உதட்டையே பார்த்தேன். சொல்லிவிடுங்கள் ஐயா என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். அவர் இங்கிலீஷில் ஒரு வரி சொன்னார். எனக்கு இங்கிலீஷ் புரியாது. ஆனால் அந்த வரியின் நடுவில் துறையூர் இருந்தது.

அக்காவைத் திரும்ப உள்ளே கூப்பிட்டார்கள். உத்தியோகத்தர் சத்தம் போடவில்லை. எது உண்மை என்று மட்டும் கேட்டார். அக்கா மச்சானைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னாங்க, சொல்லிட்டீங்களா?”

“முடி குடுத்த சாமியாச்சே, புள்ள.”

அதற்கு மேல் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: “ஐயா, போயிட்டு வந்தது தப்புங்களா?”

“அங்க எவ்வளவு காலம் நிண்டனீங்கள்?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“மூணு மாசம் இருக்குங்க.”

உத்தியோகத்தர் கொஞ்ச நேரம் பேசினார். மொழிபெயர்ப்பாளர் யாரையும் பார்க்காமல், மேசை விளிம்பைப் பார்த்துச் சொன்னார்.

“ஒரு வருஷத்துக்குள்ள போய்த் திரும்பி வந்திருந்தால் ஒரு பிழையும் இல்லையாம். போனது பிழை இல்லை. ஒரே பிள்ளைக்கு ஒரே மொட்டையை ரெண்டு இடத்தில போட்டதெண்டு சொன்னால், நீங்கள் சொன்ன மற்றதில எதை நம்பிறது எண்டு கேக்கிறார்.”

ஒரு வருஷத்துக்குள். இவ்வளவுதான் விஷயம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு பலகையில் எழுதி மாட்டியிருக்கலாம். பெரட்டுக்களத்தில் ஒரு நாள் தப்படித்துச் சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் போய் வந்தவள் மூன்று மாதம் என்று சொல்லியிருப்பாள். மூன்று வருஷம் போனவன் தன் விதியை நொந்துகொண்டிருப்பான். எங்களிடம் கேள்வி வந்து சேர்ந்தது. கேள்வி எதற்கு என்பது வரவில்லை.

“இப்படிச் சொல்லும்படி யார் சொன்னது?” என்று உத்தியோகத்தர் கேட்டார். இதையும் அந்த மனிதர்தான் தமிழில் கேட்க வேண்டியிருந்தது.

“யாரும் சொல்லலீங்க. நானாத்தான் பயந்து சொன்னேன்” என்றாள் அக்கா. ஒரு தடவைகூட அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவர் பக்கமும் திரும்பவில்லை.

வாசற்படியிலிருந்து பக்கத்துக் காம்பிராக்காரி, “என்னாக்கா, நல்லபடியா முடிஞ்சிச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் பங்களாவில் சூப் வைத்தேன். உத்தியோகத்தர் ஒரு கரண்டி எடுத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிங்களத்தில், “அந்தப் பெண் உன் அக்காவாமே. நீயா சொன்னாய்?” என்று கேட்டார். ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று யோசித்துக்கொண்டே சூப்புச் சட்டியை மூடினேன். அதற்குள் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சின்னதாக, இரண்டு மூன்று வார்த்தை. உத்தியோகத்தர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. என்ன சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமலே புரிந்தது.

காலையில் மொழிபெயர்ப்பாளரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலவாக்கலை ஸ்டேஷன் வரை நான்தான் போனேன். பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

“ஒண்டில் முழுக்கச் சொல்லியிருக்கோணும். இல்லாட்டில் வாயே திறந்திருக்கக் கூடாது. பாதி சொன்னால் சத்தியம் பாதிதான் முறியும் எண்டு நினைச்சன், தம்பி.”

“எங்கக்கா மேலயும் தப்பு இருக்குங்க ஐயா. எல்லாருக்கும் சொல்லிட்டா.”

“அவ செய்ததில என்ன பிழை? எனக்குச் சட்டம் தெரியும், அவவுக்குத் தெரியாது. தெரிஞ்ச நான் ஒளிச்சுச் சொன்னன். தெரியாத அவ வெளியில சொன்னா.” காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஆனால் ஒண்டு. கந்தோரில இருக்கிறவன் ஒவ்வொருத்தனும் தன்ர மனசுக்குப் பட்டவைக்கு மட்டும் சொல்லத் துவங்கினால், பிறகு ஆளறிமுகம் இல்லாத ஏழைக்கு ஆர் சொல்லுறது? அதையும் யோசிக்கிறன்.”

அவர் யோசித்து முடிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. ஏறும்போது சட்டைக்குள்ளிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார். மேல்கோர்ட்டுக்கு மனுப் போடலாம், ஹட்டனில் பிரக்கிராசி வக்கீலைப் பிடித்தால் செய்வார், அதற்குக் காசு வேண்டும் என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

“கடன்தான். தானமெண்டு நினையாதையும். இருக்கிற நேரம் அனுப்பும்” என்று ஊர் விலாசத்தைச் சொன்னார். வழியில் மறந்துவிடுமோ என்று பங்களா வரை அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

சில மாதம் கழித்து அக்காவுக்கு இல்லை என்று பதில் வந்தது. பிரக்கிராசியைப் பிடித்தோம். அவர் இரண்டு தடவை கொழும்புக்குப் போனார். அங்கேயும் இல்லை என்றார்கள். பக்கத்துக் காம்பிராக்காரிக்குக் கிடைத்தது, தாமதமாக என்றாலும். அவள் சொன்னது உண்மை. நாலு பிள்ளைகளுக்கும் இங்கேதான் மொட்டை போட்டிருந்தாள். அக்கா சொல்லாமல் விட்டிருந்தால், பெருமைக்காக அவள் ‘ஊர்ல’ என்று சொல்லியிருப்பாள். எத்தனை மாதம் என்று கேட்டால், போகாத ஊருக்கு வாயில் வந்த கணக்கைச் சொல்லி மாட்டியிருப்பாள். அந்தக் கசிவால் பிழைத்தவள் அவள்தான் என்று நினைக்கிறேன். பேப்பர் வந்த நாளில் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்காதான் அவளுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள்.

எனக்கும் கிடைத்தது. பங்களாவுக்குத் தபால்காரர் கொண்டு வந்தார். அவர் போன பிறகு யாரிடமும் காட்ட ஆள் இல்லை. அக்காவிடம் காட்ட மனம் வரவில்லை.

இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, பிரஜாவுரிமை இல்லாதவர்களைக் கப்பலேற்றத் தொடங்கியபோது, அறுபதுகளின் கடைசியில் அக்காவும் மச்சானும் புறப்பட்டார்கள். பிள்ளைகள் பெரியவர்களாகியிருந்தார்கள். தோட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாதவர்கள், துறையூர் எந்தத் திசையில் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனில் மச்சான் என் தோளைத் தட்டி, “மாப்ளே, அங்கிட்டுப் போனா நம்ம பேரப்புள்ளைக்கு மொட்டை எங்க போட்டாலும் கேக்க ஆளில்லடா” என்றார். சிரிக்கச் சொன்னதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

“நீ வந்து சொல்லாம இருந்திருந்தா, கேட்ட உடனே ஊர்லன்னு சொல்லியிருப்பேன். உம் மச்சானும் அதத்தான் சொல்லியிருப்பாரு. நல்லபடியா முடிஞ்சிருக்கும்.” கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். “ஆனா அவளுக்குச் சொன்னது தப்புன்னு எனக்கு இன்னும் தோணலடா.”

ரயில் நகர்ந்தபோது, ஜன்னல் கம்பியில் கையை வைத்து நசுக்கிக்கொள்ளாதே என்று பிள்ளைகளுக்குக் கத்தினேன். கடைசியாக நான் சொன்னது அதுதான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

திருச்சியிலிருந்து வரும் கடிதங்களில், அங்கே அவர்களைச் சிலோன்காரர்கள் என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறது. பதில் எழுத உட்கார்ந்தால் எனக்கு நலம் விசாரிப்பதோடு நின்றுவிடும். ஒவ்வொன்றையும் எழுதலாமா, எழுதினால் வழியில் யாராவது பிரித்துப் பார்ப்பார்களா, யாருக்காவது கேடு வருமா என்று யோசித்து, மழை பெய்கிறது என்று முடித்துவிடுவேன்.

தலவாக்கலைத் தேநீர்க்கடையில் இப்போதும் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார்கள். கொழும்பில் எந்தக் கந்தோரிலிருந்தாவது ஏதாவது வெளியே வந்துவிட்டால் கடை இரண்டாகப் பிரிந்துவிடும். “ஜனங்களுக்குத் தெரியாம என்னாங்க அரசாங்கம்?” என்பார் ஒருவர். “எல்லாத்தையும் சந்தியில வச்சா எவன் ஆளுறது?” என்பார் இன்னொருவர். நான் சுவரோரம் உட்கார்ந்து குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். என்னை யாரும் கேட்பதில்லை. கேட்டால், ரகசியம் வெளியே வந்ததா இல்லையா என்பதைவிட, அதில் எவ்வளவு வந்தது, யாரிடம் வந்தது என்றுதான் திருப்பிக் கேட்பேன். கேட்கும்போது குரல் நடுங்கும், அதனால் கேட்காமலே இருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளருக்கு உத்தியோகம் நிலைத்ததா என்று தெரியவில்லை. முடிந்தபோதெல்லாம் அஞ்சும் பத்துமாக மணியோடர் அனுப்பினேன். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வரும், கடிதம் வராது. ஒரு முறை அனுப்பிய பத்து ரூபாய், அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வாத்தியார்களிடமெல்லாம் விசாரித்தேன். ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. ஸ்டேஷனில் என் கையில் அவர் வைத்தது நூற்றைம்பது ரூபாய். அவருக்குப் போய்ச் சேர்ந்தது அறுபத்தைந்து. இன்னும் நான் தர வேண்டியது எண்பத்தைந்து ரூபாய்.